நோம் நகரில் சங்கு ஊதும் நேரம்

வாசகர் கேள்வி – பதில்

அமெரிக்காவின் அலாஸ்கா மாநிலத்தில் ஆண்டுதோறும் மார்ச் மாதம் நடைபெறும் இடிடரோட் நாய்வண்டிப் பந்தயத்தைப் பார்த்துவந்ததைப் பற்றி முந்தைய இதழ் ஒன்றில் சுருக்கமாக எழுதியிருந்தேன். ஆங்கரேஜ் நகரில் தொடங்கி, மலைத்தொடரையும் உறைந்த யூக்கான் ஆற்றையும் கடந்து, ஏறத்தாழ 1,600 கிலோமீட்டர் தொலைவில் பெரிங் கடலோரத்து நோம் நகரில் முடியும் பந்தயம் அது. அதைப் படித்துவிட்டு, தாமும் நேரில் போய்ப் பார்க்க வேண்டும் என்னும் ஆவலோடு வந்த கடிதங்களிலிருந்து சில கேள்விகளை இங்கே எடுத்துக்கொண்டிருக்கிறேன்.

நானும் என் கணவரும் பணி ஓய்வு பெற்றவர்கள். பந்தயத்தைத் தொடக்கம் முதல் முடிவு வரை பின்தொடர வேண்டுமானால் எத்தனை நாள் தேவைப்படும்? வாடகைக் கார் போதுமா? – வாசகி, கோயம்புத்தூர்

கார் முதல் இரண்டு நாள்களுக்கு மட்டுமே உதவும் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். பந்தயப் பாதையின் மிகப் பெரும்பகுதியில் சாலையே கிடையாது. நோம் நகருக்கும் ஆங்கரேஜுக்கும் இடையில் எந்தப் பருவத்திலும் காரில் போக வழியில்லை. விமானம் ஒன்றே துணை. ஆகவே வண்டிகளின் பின்னாலேயே போவது என்பது நம்மைப் போன்ற பார்வையாளருக்கு இயலாத காரியம். எந்த இடத்தில், எந்த நாளில், எவ்வளவு நேரம் காத்து நிற்பது என்று முன்கூட்டியே முடிவு செய்வதுதான் இந்தப் பயணத்தின் திட்டம் முழுவதும்.

மார்ச் மாத முதல் சனிக்கிழமை ஆங்கரேஜ் நகரின் நான்காம் அவென்யூவில் சம்பிரதாயத் தொடக்கம் நடைபெறும். முந்தைய இரவே லாரிகளில் பனியைக் கொண்டுவந்து தெருவில் கொட்டிப் பரப்பிவிடுவார்கள். நகரத்துக்குள் சுமார் 18 கிலோமீட்டர் தூரம் ஓடும் அந்த ஓட்டத்தின் நேரம் கணக்கில் சேராது; அது ஊர்வலம் போன்றது. ஒவ்வொரு வண்டியிலும் ஏலத்தில் இடம் பெற்ற ஒரு பயணி உட்கார்ந்திருப்பார். ஓய்வு பெற்றவர்கள், குழந்தைகள், நாய்ப் பிரியர்கள் என எல்லாருக்கும் ஏற்ற நாள் இதுவே, ஏனெனில் நாய்களை மிக அருகில் பார்க்கலாம், குளிர் தாங்கவில்லையென்றால் பக்கத்துக் கடையில் நுழைந்து காபி குடிக்கலாம்.

உண்மையான பந்தயம் மறுநாள் ஞாயிற்றுக்கிழமை பிற்பகல், சாலை வழியாகச் சுமார் 110 கிலோமீட்டர் வடக்கே உள்ள வில்லோ என்னும் ஊரின் உறைந்த ஏரியில் தொடங்குகிறது. முப்பது சொச்சம் வண்டிகள் இரண்டு நிமிட இடைவெளியில் ஒன்றன்பின் ஒன்றாகப் புறப்படும். தொடக்கக் கோட்டருகே முண்டியடித்து நிற்பதைவிட, ஏரியின் மேலேயே ஒன்றிரண்டு கிலோமீட்டர் தள்ளி, உள்ளூர்க் குடும்பங்கள் தீ மூட்டி உட்கார்ந்திருக்கும் இடத்துக்கு நடந்துபோவது நல்லது என்பது என் அனுபவம். அங்கே ஒலிபெருக்கி இல்லை. சறுக்குச் சட்டங்கள் பனியில் உராயும் ஓசையையும் நாய்கள் மூச்சு விடும் ஓசையையும் கேட்க முடிந்தது.

ஒரு வாரம்தான் கையில் இருக்கிறதென்றால் தொடக்கத்தையோ முடிவையோ, ஏதேனும் ஒன்றை மட்டும் தேர்ந்துகொள்ளுங்கள். இரண்டையும் பார்க்க இரண்டு வாரம் வேண்டும், ஏனெனில் முதலில் வருபவருக்கே ஒன்பது அல்லது பத்து நாள் பிடிக்கும். பனிக் குறைவால் தொடக்கம் வடக்கே ஃபேர்பேங்க்ஸ் நகருக்கு மாற்றப்பட்ட ஆண்டுகளும் உண்டு: 2003, 2015, 2017, 2025. அதனால் திருப்பித் தர முடியாத டிக்கெட்டுகளை அவசரப்பட்டு வாங்க வேண்டாம். நோம் நகரின் விடுதி அறைகளை மட்டும் ஓராண்டுக்கு முன்பே பதிவு செய்யுங்கள். நாலாயிரம் பேர்கூட வசிக்காத ஊர் அது, பந்தய வாரத்தில் வீட்டுக்காரர்கள் வாடகைக்கு விடும் அறைகளும் தீர்ந்துபோகும்.

முடிவிடத்தில் நாள்கணக்கில் நிற்க வேண்டுமா? வண்டி வரும் நேரத்தை எப்படித் தெரிந்துகொள்வது? இடையில் வண்டிகள் நின்று செல்லும் நிலையம் ஏதேனும் ஒன்றுக்குப் போக முடியுமா? – வாசகர், சியாட்டில்

வண்டி ஒவ்வொன்றிலும் ஜிபிஎஸ் கருவி பொருத்தியிருப்பார்கள். சந்தா கட்டினால் கைப்பேசியிலேயே எல்லா வண்டிகளின் இடத்தையும் பார்க்கலாம். ஆனால் அந்தப் புள்ளிகளை மட்டும் நம்பி ஏமாறாமல் இருக்க, பந்தயத்தின் ஓய்வு விதிகளைத் தெரிந்துவைத்திருப்பது அவசியம். வண்டியோட்டியை அங்கே மஷர் என்பார்கள். ஒவ்வொரு மஷரும் வழியில் ஏதேனும் ஒரு நிலையத்தில் 24 மணி நேரமும், யூக்கான் ஆற்றங்கரை நிலையம் ஒன்றில் 8 மணி நேரமும், வைட் மவுன்ட்டன் என்னும் ஊரில் இன்னுமொரு 8 மணி நேரமும் கட்டாயம் நின்றாக வேண்டும். முதல் வாரத்தில் ஒருவர் வெகுதூரம் முந்திப் போவதுபோல் தெரிந்தால், அவர் தம் 24 மணி நேர ஓய்வை எடுத்துவிட்டாரா என்பதை முதலில் பாருங்கள். எடுத்திருக்கவில்லையென்றால் அந்த முன்னணிக்குப் பொருள் அதிகமில்லை.

வைட் மவுன்ட்டனிலிருந்து நோம் சுமார் 124 கிலோமீட்டர். முதல் மஷர் அங்கே வந்து சேர்ந்தார் என்னும் செய்தி கிடைத்ததும், எட்டு மணி நேர ஓய்வையும் ஒன்பது பத்து மணி நேர ஓட்டத்தையும் கூட்டிக்கொண்டு, நிம்மதியாகச் சாப்பிட்டு ஒரு தூக்கமும் போடலாம். ஊரை நெருங்கும்போது நகரின் தீயணைப்புச் சங்கு ஊதும். பகலோ நள்ளிரவோ, சங்குச் சத்தம் கேட்டவுடன் ஊர்மக்கள் மேலங்கியை மாட்டிக்கொண்டு ஃப்ரண்ட் ஸ்ட்ரீட் என்னும் கடைத்தெருவுக்கு வந்துவிடுவார்கள். அங்கே மரத்தாலான ஒரு வளைவின் அடியில்தான் பந்தயம் முடிகிறது.

எவ்வளவு கணக்குப் போட்டாலும், கடைசி நிலையமான சேஃப்டியை ஒட்டிய கடலோரக் காற்று அதைக் கலைத்துவிடக்கூடும். 2014-ஆம் ஆண்டு முன்னணியில் இருந்த ஜெஃப் கிங் அந்தக் காற்றில் சிக்கி மேலே போக முடியாமல் விலகினார். அடுத்து வந்த ஆலி சர்க்கிள் புயலுக்கு அஞ்சிச் சேஃப்டியில் தங்கிவிட்டார். பின்னால் வந்த டாலஸ் சீவி தாம் முதலிடத்தில் இருப்பதையே அறியாமல் ஓட்டிவந்து, இரண்டரை நிமிடத்துக்கும் குறைவான வித்தியாசத்தில் சர்க்கிளை வென்றார். 1978-இல் டிக் மேக்கி, ரிக் ஸ்வென்சனை ஒரே ஒரு நொடியில் முந்தியதும் இதே தெருவில்தான். பதினான்கு நாளுக்கும் மேலாக நீண்ட உறக்கமில்லாப் பயணத்தின் முடிவில் ஒரு நொடி என்பதை நான் இன்றும் மனத்தில் வைத்து வியப்பதுண்டு.

இடை நிலையங்களுக்குப் போக, சக்கரத்துக்குப் பதில் ஸ்கீ பொருத்திய சிறு விமானங்களை ஏற்பாடு செய்யும் நிறுவனங்கள் ஆங்கரேஜ் பகுதியில் உள்ளன. வில்லோ தொடக்கத்துக்கு மறுநாளான திங்கட்கிழமை, அலாஸ்கா மலைத்தொடரின் அடிவாரத்தில் ஃபிங்கர் லேக் அல்லது ரெய்னி பாஸ் நிலையத்தில் இறங்கினால், மலையேறத் தயாராகும் வண்டிகளைப் பார்க்கலாம். செலவு மிக அதிகம். வானிலை கெட்டால் விமானம் எழாது. நான் ஒருமுறை இதற்காகப் பணம் கட்டி, நாள் முழுதும் ஓடுதளத்தருகே உட்கார்ந்திருந்து திரும்பினேன். விமானி அன்று பறக்க மறுத்தது சரியென்றே இன்றும் நினைக்கிறேன்.

அதற்கப்பால் உள்ள கிராமங்களைப் பொறுத்தவரை, பாதை ஆண்டுக்கு ஆண்டு மாறுவதைக் கவனியுங்கள். வழக்கமாக இரட்டைப்படை ஆண்டுகளில் ரூபி, கலீனா வழியாக வடக்குப் பாதையும், ஒற்றைப்படை ஆண்டுகளில் ஷாகெலுக், அன்விக் வழியாகத் தெற்குப் பாதையும் செல்லும். இரண்டும் கால்டாக்கில் கூடும். சில நூறு பேர் வசிக்கும் இவ்வூர்களில் விடுதி என்று எதுவும் இல்லாதிருக்கலாம். முன்னேற்பாடு இல்லாமல் போய் இறங்குவது அவ்வூர் மக்களுக்குச் சுமையாகும்.

குளிர் எவ்வளவு இருக்கும்? எதை வாங்கிக்கொண்டு போவது? – வாசகி, மதுரை

ஆங்கரேஜில் மார்ச் தொடக்கத்துப் பகல் பூச்சியம் டிகிரியை ஒட்டி இருக்கும். நோம் நகரில் மைனஸ் 10, மைனஸ் 20 டிகிரி செல்சியஸ் இயல்பு. கடலிலிருந்து விலகிய அலாஸ்காவின் உட்பகுதியில் மைனஸ் 40 வரை இறங்கும் இரவுகளும் உண்டு. இந்த எண்களைவிடக் காற்றுக்குத்தான் பயப்பட வேண்டும்.

பருத்தித் துணியை உடம்போடு ஒட்டிப் போடாதீர்கள். அது வியர்வையை உறிஞ்சி ஈரமாகவே இருக்கும். நின்ற இடத்திலேயே நிற்கும்போது அந்த ஈரம் உடம்பின் சூட்டை இழுத்துவிடும். உள்ளே மெல்லிய கம்பளி, நடுவில் தடித்த கம்பளி அல்லது ஃப்ளீஸ், மேலே காற்றுப் புகாத அங்கி என்று மூன்றடுக்கு வேண்டும். விரல் தனித்தனியாகப் பிரிந்த கையுறையின் மேல், விரல்கள் ஒன்றாக இருக்கும் பெரிய மிட்டனைப் போட்டு, அதைக் கயிற்றால் கழுத்தில் தொங்கவிட்டுக்கொள்ளுங்கள். காற்றில் பறந்துபோன மிட்டனை நாய்கள் விழுங்கிவிடும் ஆபத்தும் உண்டு. காலணி ஒரு அளவு பெரிதாக இருக்கட்டும், இறுகிய காலணியில் இரத்த ஓட்டம் குறைந்து விரல் மரத்துப்போகும். இவற்றையெல்லாம் ஊரிலேயே தேடி அலைய வேண்டியதில்லை. ஆங்கரேஜ் கடைகளில் நம்பகமானவை கிடைக்கும்.

நம் பெண்களுக்கு ஒரு வார்த்தை. மூக்குத்தி, தோடு, மெட்டி ஆகியவற்றைக் கழற்றிவைத்துவிட்டு வெளியே போங்கள். உலோகம் குளிரை நேரே தோலுக்குக் கடத்தும். காற்றடிக்கும்போது மூக்குத்தியைச் சுற்றிய தோல் எரியத் தொடங்கியதை நான் சற்றுத் தாமதமாகவே உணர்ந்தேன்.

கைப்பேசியை உள்சட்டைப் பையில் உடம்புச் சூட்டோடு வைத்திருங்கள், வெளிப்பையில் வைத்தால் பேட்டரி சில நிமிடங்களில் உயிரை விட்டுவிடும். கேமராவை வெளியிலிருந்து சூடான அறைக்குள் கொண்டுவரும் முன் காற்றுப் புகாத பையில் போட்டு மூடிவிடுங்கள். இல்லையென்றால் அதன் உள்ளேயே நீர் வியர்த்துவிடும்.

சைவ உணவு கிடைக்குமா? – வாசகர், கும்பகோணம்

ஆங்கரேஜில் இந்திய உணவகங்கள் உள்ளன. நோம் நகருக்குக் குளிர்காலத்தில் காய்கறி உட்பட எல்லாமே விமானத்தில்தான் வருகிறது, ஆகையால் விலை அதிகம், வகை குறைவு. ஆங்கரேஜிலேயே அரிசியும் பருப்பும் வாங்கி, சமையலறை உள்ள அறையாகப் பார்த்துத் தங்கிவிடுங்கள்.

இத்தனை தூரம் நாய்களை ஓடவிடுவது கொடுமை இல்லையா? இதைப் பார்க்கப் போவதற்கே மனம் ஒப்பவில்லை. – வாசகி, யாழ்ப்பாணம்

இந்தக் கேள்வியோடுதான் நானும் போனேன். ஆகவே கண்டதையும் அறிந்ததையும் மறைக்காமல் எழுதுகிறேன்.

ஓடுபவை அலாஸ்கன் ஹஸ்கி எனப்படும் கலப்பு நாய்கள். படங்களில் பார்க்கும் பெரிய நீலக்கண் நாய்களை எதிர்பார்த்துப் போனால் ஏமாற்றமாக இருக்கும். இவை இருபது, இருபத்தைந்து கிலோ எடையுள்ள, ஒல்லியான, நீண்ட கால்களைக் கொண்ட நாய்கள். தலைமுறை தலைமுறையாக ஓட்டத்துக்காகவே வளர்க்கப்பட்டவை. பந்தய நாளில் ஒரு நாய் ஏறத்தாழ 10,000 கலோரி உண்ணும். நெடுந்தூர ஓட்டத்தின் முதல் சில நாள்களிலேயே அவற்றின் உடல் கொழுப்பை எரித்து இயங்கும் முறைக்கு மாறிக்கொள்கிறது என்பது உடலியல் அறிஞர்களையே வியக்கவைத்த செய்தி. குளிரைவிட வெப்பம்தான் அவற்றுக்குத் துன்பம். வெயில் ஏறிய நடுப்பகலில் மஷர்கள் நிறுத்தி ஓய்வு கொடுத்துவிட்டு இரவில் ஓட்டுவது அதனால்தான்.

புறப்படும் முன் ஒவ்வொரு நாய்க்கும் இரத்தப் பரிசோதனையும் இதயத்துடிப்பைப் பதியும் ஈசிஜியும் எடுக்கிறார்கள். நிலையந்தோறும் கால்நடை மருத்துவர்கள் பார்க்கிறார்கள். ஒவ்வோர் அணிக்கும் ஒரு மருத்துவக் குறிப்பேடு உண்டு, அதை மஷர் கடைசி வரை சுமந்து செல்ல வேண்டும். பதினாறு நாய்கள் வரை கட்டிப் புறப்படலாம். களைத்ததையோ நொண்டியதையோ நிலையத்தில் விட்டுவிட்டால், தன்னார்வ விமானிகள் ஏற்றிக்கொண்டு திரும்புவார்கள். புதிய நாயைச் சேர்த்துக்கொள்ள முடியாது. முடிவுக் கோட்டில் குறைந்தது ஐந்து நாய்கள் வண்டியில் பூட்டப்பட்டிருக்க வேண்டும். நிலையத்துக்கு வந்த மஷர் தம் பசியை ஒதுக்கிவிட்டு, வைக்கோல் பரப்பி நாய்களைப் படுக்கவைத்து, பனியை உருக்கி நீராக்கி, இறைச்சியைக் கலந்து ஊட்டி, ஒவ்வொரு பாதத்தின் துணி உறையையும் கழற்றி விரலிடுக்குகளைத் தடவிப் பார்த்துவிட்டுத்தான் தாம் உட்காருவார்.

இவ்வளவும் இருந்தும் நாய்கள் இறக்கின்றன. 2024-ஆம் ஆண்டுப் பந்தயத்தில் மூன்று நாய்கள் இறந்தன. வெளியிலிருந்து வந்த தவிர்க்க முடியாத காரணம் இருந்தாலொழிய, நாயை இழந்த மஷர் போட்டியைத் தொடர முடியாது என்பது விதி. விலங்குரிமை அமைப்புகளின் எதிர்ப்பால் பந்தயத்துக்கு விளம்பர ஆதரவு தந்த பெரிய நிறுவனங்கள் சில விலகிவிட்டன. அவ்வமைப்புகளின் கேள்வி நியாயமற்றது என்று நான் சொல்ல மாட்டேன்: அந்த நாய் ஓடச் சம்மதித்ததா என்று யாரால் உறுதியாகக் கூற முடியும்? தொடக்கக் கோட்டில் பூட்டும் வார்ப்பட்டையைப் பார்த்ததும் அவை துள்ளிக் குதித்து, இழுத்துப் பிடிக்கும் ஆள்களையும் மீறிப் பாய்வதை நான் கண்டேன். அது ஓட்டத்தின் மேல் உள்ள ஆசை என்பதில் எனக்கு ஐயமில்லை. பத்தாவது நாளும் அதே ஆசை இருக்கிறதா என்பதுதான் கேள்வி. நோம் நகரில் வந்துசேர்ந்த அணிகளில் சில வாலை ஆட்டிக்கொண்டு வந்தன, சில தலையைத் தொங்கவிட்டுக்கொண்டு வந்தன. இரண்டையும் பார்த்தேன். உங்கள் மனம் ஒப்பவில்லையென்றால் போக வேண்டாம். போவீர்களானால் தொடக்கத்தின் உற்சாகத்தை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்பாமல், முடிவில் நாய்கள் எப்படி வருகின்றன என்பதையும் பார்த்துவிட்டு உங்கள் முடிவை எடுங்கள்.

1925-இல் மருந்து கொண்டுபோன நாய்களின் நினைவாகத்தான் இந்தப் பந்தயம் தொடங்கியது என்கிறார்களே? – வாசகர், சேலம்

பாதி உண்மை. 1925 குளிர்காலத்தில் நோம் நகரில் தொண்டை அடைப்பான் நோய் பரவியபோது, நெனானா வரை ரயிலில் வந்த எதிர்நஞ்சு மருந்தை, அங்கிருந்து ஏறத்தாழ 1,085 கிலோமீட்டர் தூரம் இருபது மஷர்கள் கைமாற்றி, ஐந்தரை நாளில் கொண்டு சேர்த்தார்கள். கடைசிக் கட்டத்தை ஓட்டிய குன்னார் காசனின் பால்டோ என்னும் நாய்க்குத்தான் அதே ஆண்டு நியூயார்க் சென்ட்ரல் பார்க்கில் சிலை வைத்தார்கள். ஆனால் மிக நீளமானதும், நார்ட்டன் சவுண்ட் என்னும் கடற்பரப்பின் உறைபனியைக் கடந்ததால் மிக ஆபத்தானதுமான கட்டத்தை ஓடியவர் லெயன்ஹார்ட் செப்பாலா. அவருடைய வண்டியை வழிநடத்தியது டோகோ. வசில்லா நகரில் உள்ள பந்தயத் தலைமையகத்தில் டோகோவின் பதப்படுத்தப்பட்ட உடலைப் பார்க்கலாம். வில்லோவுக்குப் போகும் வழியில்தான் இருக்கிறது, தவறவிடாதீர்கள்.

பந்தயத்தை உருவாக்கிய ஜோ ரெடிங்டனுக்கு வேறொரு கவலையும் இருந்தது. தபாலையும் தங்கத்தையும் சரக்கையும் ஏற்றிச் சென்ற நாய்வண்டிகள், ஸ்னோமெஷின் எனப்படும் பனி மோட்டார்கள் வந்ததும் 1960-களில் கிராமங்களிலிருந்து மறையத் தொடங்கின. நாய் வளர்ப்பும் பழைய இடிடரோட் பாதையும் அழிந்துவிடக் கூடாது என்பதற்காக 1973-இல் நோம் வரையிலான முதல் பந்தயத்தை அவர் நடத்தினார். டிக் வில்மார்த் இருபது நாளில் வென்றார். 2023-இல் ரெடிங்டனின் பேரன் ரயன் ரெடிங்டன் வென்றபோது அலாஸ்காவே மகிழ்ந்தது.

நாய்களைத் தடவிக் கொடுக்கலாமா? மஷருக்கு உதவலாமா? – பள்ளி மாணவி, சிங்கப்பூர்

மஷரிடமோ அவருடைய உதவியாளரிடமோ கேட்டு, அவர் சரி என்றால் மட்டும் தடவிக் கொடுங்கள். படுத்து உறங்கும் அணியின் பக்கம் போகவே கூடாது. தின்பதற்கு எதையும் கொடுக்கக் கூடாது. உதவியைப் பொறுத்தவரை, வெளியார் உதவியைப் பெறுவது விதிமீறல். நீங்கள் அன்போடு ஒரு வாளி வெந்நீரைத் தூக்கிக் கொடுத்தால்கூட அவருக்குத் தொல்லை வரலாம்.

அமெரிக்க விசாவும் அலாஸ்கா செலவும் எங்களுக்கு எட்டாதவை. ஐரோப்பாவில் இதுபோல் ஏதேனும் உண்டா? – வாசகர், பாரிஸ்

உண்டு, அதுவும் உங்களுக்கு மிக வசதியாக. நார்வேயின் வடகோடியில் ஆல்ட்டா நகரில் தொடங்கி அங்கேயே முடியும் ஃபின்மார்க்ஸ்லோப்பெட் பந்தயமும் மார்ச் மாதத்தில்தான் நடைபெறுகிறது. அதன் நீண்ட பிரிவு சுமார் 1,200 கிலோமீட்டர். நிலையங்கள் பெரும்பாலும் சாலையோரத்தில் இருப்பதால், மஷர்களின் உதவியாளர்களே காரில் ஊருக்கு ஊர் போகிறார்கள். ஆணி பதித்த டயர் பூட்டிய வாடகைக் காரில் நீங்களும் போகலாம். பின்தொடர்தல் என்னும் சொல்லுக்கு உண்மையில் பொருந்துவது இந்தப் பந்தயமே. பனிச்சாலையில் ஓட்டிப் பழகாதவர் இரவில் ஓட்ட வேண்டாம். வழியில் மான்கூட்டங்கள் குறுக்கே வரும்.

வென்றவர் வந்த பிறகும் நோம் நகரில் மூன்று நாள் தங்கியிருந்ததாக எழுதியிருந்தீர்கள். எதற்காக? – வாசகி, திருநெல்வேலி

கடைசியாக வருபவரைப் பார்க்கத்தான். பந்தயம் தொடங்கும் ஞாயிற்றுக்கிழமையே நோம் நகரின் வளைவில் ஒரு விளக்கை ஏற்றித் தொங்கவிடுகிறார்கள். முற்காலத்தில் நாய்வண்டிகள் போய்வந்த பாதையோரச் சத்திரங்களில், இன்னும் ஒரு வண்டி வழியில் இருக்கிறது என்பதற்கு அடையாளமாக இப்படி விளக்கு வைக்கும் வழக்கம் இருந்தது. கடைசி மஷர் வந்துசேரும் வரை அது எரியும். அவர்தாம் அதை அணைக்க வேண்டும். அவருக்குச் சிவப்பு லாந்தர் என்னும் பரிசும் உண்டு. முதல் பந்தயத்தில் அந்த இடத்தைப் பெற்ற ஜான் ஷூல்ட்ஸ் 32 நாள் ஓட்டியிருந்தார்.

வென்றவர் வந்தபோது இருந்த தொலைக்காட்சிக் கேமராக்களில் பெரும்பாலானவை போய்விட்டிருந்தன. ஆனாலும் சங்கு ஊதியது. ஊர்க்காரர்கள் வந்தார்கள், பள்ளிப் பிள்ளைகள் வந்தார்கள், முன்னரே வந்துசேர்ந்திருந்த மஷர்கள் சிலரும் கால் வீங்கிய நிலையில் வந்து நின்றார்கள். கடைசியாக வந்தவர் ஒரு பெண் மஷர். வண்டியை நிறுத்திப் பனிக் கொக்கியை மிதித்து ஊன்றிவிட்டு, கேமராவைப் பார்க்காமல் முன்னால் நடந்து, ஒவ்வொரு நாயின் முகத்தையும் இரு கைகளாலும் ஏந்தி ஏதோ சொன்னார். எல்லா நாய்களிடமும் சொல்லி முடித்த பிறகுதான் வளைவின் அடியில் வந்தார். இறக்கிக் கொடுத்த விளக்கை ஊதி அணைக்கப் பார்த்தார். உதடு உறைந்திருந்ததால் மூன்றாவது முறைதான் அணைந்தது.